பொருள் காக்கக் கற்பிக்கும் புத்தகங்கள்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேரேடும் ஐந்தொகையும் நம் குலத்தாருக்குப் புதியன அல்ல. ஆயினும், பொருளீட்டும் வழியைப் பெரியோரிடம் கேட்டறிந்த காலம் போய், புத்தகங்களில் தேடியறியும் காலம் வந்துவிட்டது. அது குற்றமன்று. எந்தப் புத்தகத்தை நம்புவது என்பதே நாம் இன்று ஆராயவேண்டிய விஷயம்.

இது பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று. பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி நிறுவனம் 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் பேரங்களில் இறங்கிய தனிமனிதருள் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்றும், அந்நஷ்டம் மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டது என்றும் அது கூறுகின்றது. இவ்வளவும் குடும்பங்களின் சேமிப்பு. பொருட்பாலில் பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், சூதுக்கும் அப்பாலிலேயே ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருத்தம் இப்போது விளங்குகின்றதன்றோ?

ஆகவே, ஈட்டியதை இழவாமற் காக்கக் கற்பிக்கும் நூலே முதலிற் படிக்கத்தக்கது என்பது நமது துணிபு. அத்தகைய நான்கினை இங்கே எடுத்துரைப்போம்.

முதலாவது, அமெரிக்கரான ஜார்ஜ் கிளேசன் எழுதிய 'பாபிலோனின் மாபெரும் செல்வர்'. 1926 முதல் சிறு பிரசுரங்களாக வெளிவந்த கதைகளின் தொகுதி இது. வருமானத்திற் பத்திலொரு பங்கை முதலில் எடுத்து வை. கடனிருந்தால் பத்திலிரு பங்கை அதற்குக் கொடு. எஞ்சிய ஏழு பங்கில் வாழ் என்பது இதன் போதனை. இதில் வரும் அர்காத் என்பவன், ஓராண்டுச் சேமிப்பை இரத்தினம் வாங்கிவரும்படி ஒரு செங்கல் அறுப்பவனிடம் கொடுத்தனுப்பினான். வந்தவையோ வெறுங் கண்ணாடித் துண்டுகள்! இரத்தினத்தைப் பற்றி இரத்தின வியாபாரியையன்றோ கேட்டிருக்கவேண்டும்? உறவினர் சொன்னார், நண்பர் சொன்னார் என்று பணத்தைக் கொடுத்துவிடும் நம்மவர்க்கு இவ்வொரு கதையே போதும்.

இரண்டாவது, பெஞ்சமின் கிரஹாம் 1949-இல் வெளியிட்ட 'அறிவார்ந்த முதலீட்டாளர்'. இவ்வாசிரியர் சிறுவயதில் தந்தையை இழந்தவர். 1929-இல் தொடங்கிய சந்தை வீழ்ச்சியிற் பெருநஷ்டமடைந்து மீண்டவர். சந்தையை அவர் மனநிலை மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு கூட்டாளியாக உருவகம் செய்கின்றார். அக்கூட்டாளி ஒருநாள் களிப்பில் மிகுந்த விலையும், மறுநாள் அச்சத்திற் குறைந்த விலையும் கூறுவான். அவன் கூறும் விலைக்கு நாம் இணங்கியே தீரவேண்டுமென்னும் கட்டாயமில்லை. நூறு ரூபாய் பெறுமென்று கணித்ததை எழுபதுக்கு வாங்கினால், கணிப்புச் சிறிது தவறினும் கைமுதல் பிழைக்கும். இவ்விடைவெளியே பாதுகாப்பு என்பது நூலின் உயிர்நாடி. வாரன் பபெட் தம் பத்தொன்பதாம் வயதில் இதனைப் படித்து, கிரஹாமிடமே மாணவராய்ச் சேர்ந்தார். நூல் சற்றுக் கடினமானது; எட்டாம் அத்தியாயத்தையும் இருபதாம் அத்தியாயத்தையுமாவது படித்தல் நலம்.

மூன்றாவது, ஜான் போகிள் 2007-இல் வெளியிட்ட சிறுநூல். சந்தை முழுவதையும் குறைந்த செலவில் வாங்கி நெடுங்காலம் வைத்திருங்கள் என்பதே அதன் சாரம். தரகும் கட்டணமும் எவ்வளவு தின்னும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் வளர்ந்தால் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 17 லட்சத்து 45 ஆயிரம் ஆகும். கட்டணம் இரண்டு போக எட்டு வீதமே வளர்ந்தால் 10 லட்சத்துச் சொச்சந்தான். அற்பமென்று எண்ணிய இரண்டு, ஏழு லட்சத்தை விழுங்கிவிடுகின்றது!

நான்காவது, மார்கன் ஹவுசல் 2020-இல் எழுதிய 'பணத்தின் உளவியல்'. அதில் ரொனால்டு ரீட் என்பவரின் வரலாறு காணப்படுகின்றது. பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தும், கடையைப் பெருக்கித் துடைத்தும் வாழ்ந்த அவர், 2014-இல் தம் 92-ஆம் வயதிற் காலமானபோது ஏறக்குறைய 80 லட்சம் டாலர் வைத்திருந்தார். நல்ல பங்குகளைச் சிறுகச் சிறுக வாங்கிப் பொறுமையோடு காத்திருந்ததன்றி அவர் வேறு வித்தை அறியார். அதிற் பெரும்பகுதியைத் தம் ஊர் வாசகசாலைக்கும் மருத்துவமனைக்கும் எழுதிவைத்தார். சேர்த்த செல்வத்தின் முடிவு இவ்வாறன்றோ அமையவேண்டும்!

நெப்போலியன் ஹில் 1937-இல் எழுதிய புகழ்பெற்ற நூலைச் சொல்லாது விட்டதேன் எனச் சிலர் கேட்கலாம். சோர்ந்த மனத்துக்கு அது ஊக்கமளிக்கும், மறுக்கவில்லை. ஆனால் தீவிர விருப்பம் வரவு செலவுக் கணக்கின் இடத்தை நிரப்பமாட்டாது. எந்நூலைக் கையிலெடுத்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: இவ்வாசிரியர் தாம் கற்பிக்கும் தொழிலாற் செல்வரானவரா, கற்பிப்பதனாலேயே செல்வரானவரா?

நமது சங்க வாசகசாலையில் இந்நான்கும் இடம்பெற வேண்டும். மாதந்தோறும் ஓர் இளைஞர் ஓர் அத்தியாயத்தைத் தமிழில் விளக்கவேண்டும். வீட்டு வரவு செலவை நடத்தும் பெண்மக்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கவேண்டும். கடன்பட்டுத் தவிக்கும் குடும்பம் ஒன்றையேனும் இதனால் மீட்போமாயின், சங்கம் கண்டதன் பயனை அடைந்தவராவோம்.