கிரிப்டோ நாணயமும் அதன் திறவுகோலும்

(நம் சங்கத்தின் துறையூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் தமிழ்ப் பண்டிதன் கிரிப்டோ நாணயத்தைப் பற்றிப் பேசப் புகுந்தது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இப்பொருள் யாமாக விரும்பி எடுத்துக்கொண்டதன்று. நம்மவருள் இளைஞர் பலர் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்து ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை இந்நாணயத்தில் இட்டிருக்கின்றனர் என்றும், அஃது எங்கே இருக்கின்றது, எவ்வாறு காக்கப்படுகின்றது என்பது துறையூரில் இருக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் மனைவியர்க்கும் தெரியவில்லை என்றும் கூறி, அதனை எல்லார்க்கும் விளங்கும் தமிழிற் சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். ஆதலின் வந்து நிற்கின்றோம்.

இந்நாணயத்தை வாங்கலாமா, வாங்கலாகாதா என்னும் வாதத்துள் யாம் புகவில்லை. எமக்கென்று ஒரு கருத்து உண்டு. பெண்ணின் கலியாணத்திற்குச் சேர்த்த பணத்தையும், நகையை அடகு வைத்துப் பெற்ற பணத்தையும் இதிற் கொண்டுபோய்ப் போடுதல் அறிவுடைமை ஆகாது என்பதே அது. அதனை அம்மட்டில் நிறுத்தி, முன்னரே வாங்கி வைத்திருப்போர் தம் பொருளைக் காக்கும் வகை யாது என்பதனை மட்டும் இன்று ஆராய்வோம்.

பிட்காயின் என்பது 2009 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தொடங்கியது. நாணயம் என்று பெயர் வழங்கினும் அது கையிற் பிடிக்கும் காசு அன்று. ஒரு கணக்கேட்டின் பதிவே ஆகும். நம்மூர் மளிகைக்கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பேரேடு கடைக்காரர் ஒருவரிடம் மட்டும் இராமல், ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரே படியாக இருக்குமாயின், எவரும் அதிற் பொய்க்கணக்கு எழுதுதல் இயலாது. அங்ஙனமே இந்நாணயத்தின் பேரேடு உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே படியாக இருக்கின்றது. அதனை பிளாக்செயின் என்பர். ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்கிற்கு நாணயம் மாறவேண்டுமாயின், உரியவரின் கையொப்பம் வேண்டும். அக்கையொப்பம் மையால் இடுவதன்று; உரியவர் மட்டுமே அறிந்த மிகப்பெரிய ஓர் எண்ணைக்கொண்டு கணித்து இடுவது. அவ்வெண்ணையே தனித்திறவுகோல் என்று சொல்லுகின்றோம். அதனை அறிந்தவன் எவனோ அவனே அப்பொருளை எடுத்துச் செலவிட வல்லவன். பேரேட்டிற்கு நீதியும் தெரியாது, இரக்கமும் தெரியாது. கையொப்பம் ஒத்திருந்தாற் போதும்.

இனி, நம் இளைஞரிற் பெரும்பாலார் அத்திறவுகோலைத் தாம் வைத்திருக்கவில்லை. எக்ஸ்சேஞ்சு என்று வழங்கும் நாணயமாற்று நிலையத்திற் கணக்குத் தொடங்கி, கைப்பேசியிற் பணம் கட்டி வாங்குகின்றனர். திரையிலே தொகை தெரிகின்றது. ஆயின் திறவுகோல் நிலையத்தாரிடமே இருக்கின்றது. இதனால் விளைந்த இடர்க்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2024 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள், வசீர்எக்ஸ் என்னும் இந்திய நிலையத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. வடகொரியாவைச் சார்ந்த கணினிக் கள்வரின் செயல் இஃதென்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று அரசுகளும் கூட்டாக அறிவித்தன. களவு போனது ஒருசார் நாணயமே. ஆயினும் எல்லார் கணக்கும் முடங்கிற்று. ஓராண்டுக்கு மேலாக எவரும் தம் நாணயத்தை வெளியே எடுக்க இயலாது தவித்தனர்.

அவர்களுள் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். அவரிடம் இருந்தவை 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்கள். 2024 ஜனவரியில் ரூ. 1,98,516 கொடுத்து வாங்கியவை. களவு போன நாணயங்கள் வேறு வகையின, இவருடையவை அல்ல. எனினும் நட்டத்தை எல்லார்மீதும் பகிர்ந்து விதிக்க நிலையத்தார் முற்பட்டனர். 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் நாள் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் வழங்கிய தீர்ப்பில், கிரிப்டோ நாணயம் தொட்டுணரும் பொருளும் அன்று, செலாவணிப் பணமும் அன்று. ஆயினும் உடைமையாக அனுபவித்தற்கும், ஒருவர்பொருட்டு மற்றொருவர் நம்பிக்கையின்பேரிற் காத்து வைத்தற்கும் உரிய சொத்தே ஆகும் என்று கூறினார்கள். நம் மாகாணத்து நீதிமன்றம் இதனைச் சொல்லியது நமக்குப் பெரிதும் பயன்படுவது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சொத்து என்னும் உரிமையை நிலைநாட்ட அவர் வழக்காட வேண்டியிருந்தது. திறவுகோல் தம் கையில் இருந்திருக்குமாயின் இதற்கென நீதிமன்றத்தின் படி ஏறவேண்டுவதில்லை.

திறவுகோலைத் தாமே வைத்துக்கொள்ளுதற்கென ஏற்பட்டதே ஹார்டுவேர் வாலட் என்னும் சிறு கருவி. செக் நாட்டுப் பிராக் நகரத்தில் 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த டிரெசார் என்பது இவ்வகையின் முன்னோடி. பிரான்சு தேசத்து லெட்ஜர் என்பது மற்றொன்று; அப்பெயர்க்குப் பேரேடு என்பதே பொருள். கட்டைவிரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை பலவாக விற்கின்றன. சில ஆயிரம் ரூபாய் விலை பெறும். ஐயாயிரம் ரூபாய்க்கு நாணயம் வைத்திருப்பவன் இதனை வாங்குதல் வீண்; போனால் பெரிதும் வருந்தும் அளவிற்குப் பொருள் உடையோர்க்கே இது வேண்டும்.

வாலட் என்பதனைப் பணப்பை என மொழிபெயர்த்து வழங்குகின்றனர். அப்பெயர் பொருந்தாது என்பது எம் துணிபு. நாணயம் இக்கருவிக்குள் இல்லை. அது பேரேட்டில் இருக்கின்றது. கருவிக்குள் இருப்பது கையொப்பமிடும் எண் மட்டுமே. ஆகவே இதனை முத்திரை மோதிரம் எனல் தகும். அரசன் விரலிலிருக்கும் மோதிரம் ஓலையில் முத்திரை பதிக்கும். ஓலை வெளியே போகும். மோதிரம் விரலை விட்டு அகலாது. அங்ஙனமே கணிப்பொறியோ கைப்பேசியோ ஓர் ஓலையைக் கருவிக்கு அனுப்ப, கருவி தன்னுள்ளேயே கையொப்பமிட்டு ஓலையை மட்டும் திருப்பி அனுப்பும். எண் வெளியே வருவதில்லை. கணிப்பொறியிற் கள்வன் புகுந்திருந்தாலும் அவ்வெண் அவனுக்கு அகப்படாது.

அங்ஙனமாயின் இக்கருவி இருந்தாற் கவலையே இல்லையோ எனின், அன்று. இவ்விடத்திற் சற்றே தங்கிச் செல்ல வேண்டும். மேற்கூறிய வசீர்எக்ஸ் நிலையத்தாரிடமும் இத்தகைய கருவிகள் இருந்தன! கோயில் உண்டியலுக்கு இரண்டு மூன்று பூட்டிட்டு, சாவிகளை வெவ்வேறு ஆட்களிடம் வைத்தல் போல, அவர்தம் பெட்டகத்திற்கும் பலர் கையொப்பம் வேண்டும் என்னும் ஏற்பாடு இருந்தது. தம்மவர் லெட்ஜர் கருவியாலேயே கையொப்பமிட்டனர் என்றும், திரையிற் காட்டப்பட்டது ஒன்று, கையொப்பமானது வேறொன்று என்றும் நிலையத்தார் தம் அறிக்கையிற் கூறினர். காவற் பொறுப்பிலிருந்த மற்றை நிறுவனத்தார் குற்றம் தம்மதன்று என்றனர். யார்மேற் குற்றம் என்பது நம் ஆராய்ச்சி அன்று. 2025 பிப்ரவரி 21 ஆம் நாள் பைபிட் என்னும் அயல்நாட்டு நிலையத்தில் ஏறத்தாழ 150 கோடி டாலர் களவு போனதும் இவ்வழியாலேயே. மோதிரம் விரலில்தான் இருந்தது. ஓலையைப் படியாமல் முத்திரையிட்டனர். பத்திரத்தைப் படித்துப் பாராமற் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தோரின் கதை நமக்குப் புதிதன்று.

ஆகவே கருவியைத் தெரிந்தெடுக்கும்போது முதலிற் பார்க்க வேண்டுவது அதன் திரையே. யாருக்கு, எந்த நாணயம், எவ்வளவு போகின்றது என்பதனைக் கருவியின் சொந்தத் திரையில் தெளிவாகப் படிக்க இயலவேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணினர் சிறு திரையுள்ள கருவியை மலிவென்று வாங்குதல் கூடாது. கணிப்பொறித் திரையை நம்பாது, கருவித் திரையிற் காணும் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பு நோக்கிய பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். படிக்க முடியாத ஒன்றிற்குக் கருவி ஒப்புதல் கேட்குமாயின் மறுத்துவிடுங்கள்.

அடுத்து, வாங்கும் இடம். செய்வோரிடமிருந்தோ அவர்கள் தம் பெயர் குறித்து அறிவித்த விற்பனையாளரிடமிருந்தோ வாங்குக. பிறர் பயன்படுத்தியதனைப் பாதி விலைக்குக் கிடைக்கின்றதென்று வாங்குதல் ஆகாது. தாங்கள் வைத்திருக்கும் நாணயத்தை அக்கருவி ஏற்குமா என்பதனையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். பிட்காயின் ஒன்றையே ஏற்கும் கருவிகளும் உள. பின் எண்ணைத் தவறாக இட்டால், லெட்ஜர் மூன்றாம் முறையிலும் டிரெசார் பதினாறாம் முறையிலும் தன்னுள் இருப்பதனை அழித்துவிடும். இஃது அஞ்சத்தக்கதன்று, ஏனெனில் அழிந்ததனை மீட்கும் வழி வேறு உண்டு.

அவ்வழி சொற்களால் ஆயது. இவ்விடம் வந்தவுடன் எமக்கே ஓர் உற்சாகம் பிறந்துவிடுகின்றது. 2013 ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒரு பொதுமுறைப்படி, 2048 சொற்களைக் கொண்ட ஓர் அகராதி வகுக்கப்பட்டது. ஆங்கிலத் தொகுதியில் எந்தச் சொல்லையும் அதன் முதல் நான்கு எழுத்தைக் கொண்டே ஐயமின்றி அறியலாம். ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு முதலிய மொழிகளுக்கும் தொகுதி உண்டு. தமிழுக்கு அப்பொதுமுறையில் இடம் இல்லை. கருவி முதன்முதல் உயிர்பெறும்போது இத்தொகுதியிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் குருட்டுவாக்கில் எடுத்துத் திரையிற் காட்டும். அவற்றை வித்துச் சொற்கள் என்னலாம். திறவுகோல்கள் யாவும் அவற்றிலிருந்தே முளைக்கின்றன. பன்னிரு சொற்களால் அமையக்கூடிய வித்துக்களின் தொகை 39 இலக்கமுள்ள ஓர் எண். ஊகித்து அறிதல் இயலாது. சீர் மாறினால் வெண்பாக் கெடுவது போல, சொல்லின் வரிசை மாறினாலும் இவ்வித்து முளையாது. கருவி கிணற்றில் விழுந்தாலும், அதனைச் செய்த நிறுவனமே மூடப்பட்டாலும், இம்முறையை ஏற்கும் வேறொரு கருவியில் அச்சொற்களை வரிசைப்படி இட்டால் பொருள் மீளும். அதனாலேயே சொற்களைக் காத்தல் கருவியைக் காத்தலினும் பெரிது.

எதில் எழுதி வைப்பது? காகிதத்திற்குக் கரையானும் மழையும் பகை என்பது இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஓலையிற் கிடந்து செல்லரித்து ஒழிந்த நூல்கள் எத்தனை! மன்னர் தம் தானத்தைச் செப்பேட்டிற் பொறித்ததன் காரணம் இதுவே. செம்பு 1085 டிகிரி வெப்பத்திலேயே உருகும்; எவர்சில்வர் ஏறத்தாழ 1400 டிகிரி வரை தாங்கும். ஆதலின் எழுத்துளி கொண்டு எவர்சில்வர்த் தகட்டிற் பொறித்தல் நன்று. ஆனால் பாத்திரக்கடையிற் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்து வெட்டுவியாதீர்கள்; அவர் எத்துணை நல்லவராயினும் ஆகுக. தம் கையாலேயே தாழிட்ட அறையிற் பொறிக்க வேண்டும். கைப்பேசியிற் படம் பிடித்தல், வாட்ஸ்ஆப்பில் மகனுக்கு அனுப்பி வைத்தல், மின்னஞ்சலிற் சேமித்தல் ஆகியன கருவி வாங்கிய பயனையே அழித்துவிடும்; வலையோடு தொடர்புடைய எதிலும் அச்சொற்கள் படியலாகாது.

கள்வர் இவற்றை நன்கு அறிவர். பூட்டை உடைப்பதினும் உரியவரையே ஏமாற்றிச் சாவியைக் கேட்டு வாங்குதல் அவர்க்கு எளிது. 2020 ஆம் ஆண்டில் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைக் குறிப்பிலிருந்து ஏறத்தாழ 2,72,000 பேருடைய பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் களவு போய் வெளியாயின. மறு ஆண்டில் அவர்களுட் சிலருடைய வீடுகளுக்கு, நிறுவனமே அனுப்பியது போலப் போலிக் கருவிகள் தபாலில் வந்தன. 2025 ஆம் ஆண்டில் சொற்களைக் கேட்கும் கடிதங்களும் வந்தன. எந்த நிறுவனமும், எந்த அதிகாரியும், எந்த உதவி எண்ணும் உங்கள் சொற்களைக் கேட்பதற்கு நியாயம் இல்லை, கேட்டவன் கள்வன். பெட்டிக்குள்ளேயே சொற்கள் அச்சிட்டு வருமாயின் அக்கருவியைத் தொடாதீர்கள். விற்றவன் அவற்றை முன்னரே அறிந்திருக்கின்றான் என்பது பொருள்.

நிற்க. தாய்மார்கள் இனிச் சொல்வதனைக் கருத்துடன் கேட்கவேண்டுகின்றோம். வங்கிக் கணக்கிற்கு வாரிசு நியமனம் உண்டு. இறப்புச் சான்று கொண்டுபோனால் மேலாளர் வழிகாட்டுவார். இக்கருவிக்கு மேலாளர் இல்லை. கணவன் சொல்லாமற் கண்மூடினால், அடுப்படியிற் புதைத்த செம்பின் இடத்தைச் சொல்லாமற் போன பாட்டன் கதையே ஆகும். 2018 டிசம்பரில் கனடா தேசத்து குவாட்ரிகா என்னும் நிலையத்தின் தலைவர் ஜெரால்டு காட்டன் நம் நாட்டு ஜெய்ப்பூரில் இறந்தார். திறவுகோல்கள் அவரோடு போயின என்று சொல்லப்பட்டு, ஏறத்தாழ 76,000 வாடிக்கையாளர் திகைத்தனர். பின்னர் 2020 இல், அவர் மோசடியே செய்து பணத்தைத் தொலைத்திருந்தார் என்று ஒண்டாரியோ அதிகாரிகள் கண்டறிந்தனர். ஆயினும் அத்தனை பேருடைய பொருளும் ஒருவர் தலைக்குள் இருந்தது என்பதனை எவரும் நம்பினரே; அது நடக்கக்கூடியது என்பதனாலன்றோ?

ஆகவே ஒரு கடிதம் எழுதி, நிலப்பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். இன்ன நாணயம் உண்டு, கருவி இவ்விடத்தில், தகடு அவ்விடத்தில், இன்ன உறவினரை அருகில் வைத்துக்கொண்டு திறக்கவேண்டும் என்பன அதில் இருக்கட்டும். சொற்கள் அக்கடிதத்தில் இருத்தல் கூடாது. தகடும் கருவியும் ஒரே பீரோவில் இருத்தலும் கூடாது. ஒரே தீயில் இரண்டும் போகும், ஒரே திருடன் இரண்டையும் கொண்டுபோவான். விற்று இலாபம் வந்தால் நூற்றுக்கு 30 வீதம் வருமானவரி 2022 முதல் உண்டு என்பதனையும் கடிதத்திற் குறித்தால் வாரிசுக்கு உதவும்.

பெருந்தொகையைக் கருவிக்கு மாற்றுமுன் ஓர் ஒத்திகை செய்க. நூறு இருநூறு ரூபாய்க்கு நாணயம் அனுப்பி, பின்பு கருவியை வேண்டுமென்றே அழித்து, தகட்டிலிருக்கும் சொற்களைக் கொண்டு மனைவியையே மீட்கச் சொல்லுங்கள். அவர் கையால் மீண்டால் மிச்சத்தை மாற்றலாம். ஒரு சொல்லைப் பிழையாகப் பொறித்திருந்தால் அன்றே தெரிந்துவிடும். இதற்கு ஒருமணி நேரம் போதும். செய்து பார்க்க விரும்புவோர் அடுத்த கூட்டத்திற்குக் கருவியைக் கொண்டுவரலாம். கருவி வழங்கத் தெரிந்த நம் இளைஞர் இருவர் உடனிருப்பர். தகட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.