தாங்கியடி மண்ணும் கிணற்றடி நீரும்



திருகோணமலை லிங்கநகரில் இந்தக் கருத்தரங்கைக் கூட்டியதற்குக் காரணம் உட்துறைமுகத்தின் அந்தப் பக்கம் நிற்கிறது. சீனன்குடாக் காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தாங்கி நாட்கணக்கில் எரிந்த கதை ஊரறிந்தது. 2022 சனவரி ஒப்பந்தப்படி 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு என்று பிரித்தாயிற்று. அடியில் ஓடும் நீரை அப்படிப் பிரிக்க முடியாது.

அங்கே நிலம் கெட்டுவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. கெட்டதா என்று எப்படித் தேடுவது என்பதே என் பேச்சு. தேடத் தெரியாமல் தேடினால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் நமக்குக் காட்டிவிட்டது.

அங்கே மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டார்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள் எண்ணெய் உண்டு என்றன. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அபாயகரமான மாசு இல்லை என்றது. எதை நம்பித் தண்ணீர் அள்ளுவது? வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4இல், பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்காக, அங்கே மின் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இரண்டு அறிக்கைகள் ஒன்றையொன்று மறுக்கும்போது, இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்டனவா என்று முதலில் பார்க்க வேண்டும். 'எண்ணெயும் கிரீசும்' என்ற சோதனையை எடுங்கள். கிணற்றடியில் குளிப்பவரின் தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும்கூட அந்தக் கணக்கில் ஏறிவிடும். பென்சீன் தேடும் சோதனை வேறு. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். கனத்த உலை எண்ணெய் கசிந்த இடத்தில் பென்சீனை மட்டும் தேடினால் 'இல்லை' என்றே விடை வரலாம். மண்ணில் எண்ணெய் இருக்கும்.

அதனால் நிலத்தின் கதையை முதலில் கேளுங்கள். எந்தக் குழாய் எங்கே புதைந்தது, எந்த ஆண்டு எந்த எண்ணெய் வந்தது? ஈயம் கலந்த பழைய விமானப் பெற்றோல் ஒரு தடயம் விடும், நேற்றுக் கசிந்த டீசல் வேறொன்று. சுன்னாகத்தில் சுண்ணக்கல், வெடிப்பும் குகையுமாக நீர் விரைந்தோடும். இங்கே மக்கிய கருங்கல்லும் அதன் வெடிப்புகளும், கரையோரத்தில் மணலும். அங்கே கிணறு தோண்டிய கணக்கை இங்கே ஒப்பிக்கக் கூடாது.

எண்ணெய் நீரில் மிதக்கும். மாரியில் நீர்மட்டம் ஏற அதுவும் ஏறும். கோடையில் இறங்கும்போது வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டு போகும். புரட்டாதியில் ஒரு முறை மட்டும் மாதிரி அள்ளியவர் பாதிக் கதையைத்தான் பார்த்தவர்.

ஒரு சிறு சோதனையைச் சீனன்குடாவாசிகளுக்காகச் சொல்கிறேன். ஆய்வகம் வேண்டாம், ஈர்க்கு போதும். வாளித் தண்ணீரில் வானவில் படலம் மிதந்தால் ஈர்க்கால் கிழியுங்கள். ஓடு உடைவதுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால், பெரும்பாலும் இரும்புப் பற்றீரியாக்களின் வேலை. கிழித்த இடம் உடனே மூடிக்கொண்டால் எண்ணெய் என்று ஐயப்படுங்கள். அதோடு தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம், மூக்கையும் ஆய்வகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் துறையில் சிலருக்கு மூக்கைச் சாட்சியாக ஏற்க வெட்கம். எனக்கு இல்லை.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஐப்பசி தொடக்கம் உங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கிழமைக்கு ஒருமுறை அளந்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கருத்தரங்குக்கு அந்தக் கொப்பிகளைக் கொண்டு வாருங்கள்.