பிட்டுத் தாளும் பொய்ப் பதிவேடும்

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ் பேசும் உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



செவிலியர் கல்லூரித் தேர்வுகளில் 'பிட்' வைத்து எழுதுவது குறித்து நமது மாணவர் அரங்கில் விவாதம் நடந்து வருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், கடன் வாங்கிப் படிப்பவர்கள். ஆகவே இதைப் பெரிதுபடுத்தலாகாது என்று சில தோழர்கள் கூறுகின்றனர். நான் இதை ஏற்கவில்லை.

மருந்தின் அளவைக் கணக்கிடுவது செவிலியரின் அன்றாட வேலை. ஒரு குழந்தைக்கு 20 மில்லிகிராம் ஜென்டாமைசின் என்று மருத்துவர் எழுதுகிறார். குப்பியிலோ ஒரு மில்லிக்கு 40 மில்லிகிராம் இருக்கிறது. ஏற்ற வேண்டியது அரை மில்லி. பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் இரத்தக் குழாயில் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுபோகும். இவற்றைப் பார்த்தெழுதித் தேறியவர் இரவுப் பணியில் எதைப் பார்த்துச் செய்வார்? அவர் முன்னால் படுத்திருப்பவர் நகரியிலிருந்தோ சத்தியவேட்டிலிருந்தோ பேருந்தேறி வந்த கூலித் தொழிலாளியாக இருப்பார். பணம் படைத்தவருக்கு வேறு மருத்துவமனைகள் உண்டு.

ஆனால், மாணவியைத் தேர்வறையிலிருந்து வெளியேற்றியதோடு நேர்மை காக்கப்பட்டுவிட்டது என்று எண்ணும் அதிகாரிகளுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். தேர்வுத் தாளைவிடப் பெரிய பொய், பயிற்சிப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. பார்க்காத பிரசவம், போடாத ஊசி, கவனிக்காத நோயாளி எல்லாம் கையொப்பத்துடன் நிரப்பப்படும்போது அங்கே காப்பியடிப்பது கல்லூரியே. கல்லூரிக்கு 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் விதி. மருத்துவமனை காகிதத்தில் மட்டும் இருந்தால் பதிவேட்டில் உண்மையை எழுத வழி ஏது?

மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். மருத்துவமனையும் ஆசிரியர்களும் இன்றியே நூற்றுக்கணக்கான செவிலியர் கல்லூரிகள் அங்கீகாரம் பெற்றதாக வழக்கு எழுந்தது. உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 169 கல்லூரிகள் தகுதியானவை என்று சிபிஐ சான்றளித்தது. வேடிக்கை என்னவென்றால், சாதகமான அறிக்கைக்கு லஞ்சம் வாங்கியதாக சிபிஐ ஆய்வாளரே 2024 மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். அந்த 169 கல்லூரிகளையும் மீண்டும் ஆய்வு செய்ய நேர்ந்தது. இடையில் தண்டனை யாருக்கு? 2020-21இல் சேர்ந்த மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தேர்வெழுத முடியாமல் காத்திருந்தனர்.

இங்கும் ஒரு மாணவி, "இந்தப் பிரசவத்தை நான் பார்க்கவில்லை, எழுத மாட்டேன்" என்று தனியாகச் சொல்லிவிட முடியாது. அவளது அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலமாரியில் இருக்கின்றன. அகமதிப்பீட்டு மதிப்பெண் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கட்டணத்தை அரசு தாமதித்தாலும் நெருக்கடி அவளுக்கே. சங்கம் அவள் பக்கம் நின்றால்தான் அந்தச் சொல் வாயிலிருந்து வரும்.

எனவே மாணவர் அரங்கத் தோழர்கள் 'பிட்'டுக்கு வக்காலத்து வாங்குவதை நிறுத்திவிட்டு, இரு மாவட்டங்களிலும் எந்தக் கல்லூரி மாணவியர் எந்த மருத்துவமனையில் எத்தனை நாள் பயிற்சி பெற்றனர் என்பதை அவர்களிடமே கேட்டுத் தொகுக்க வேண்டும். அந்தக் கணக்குடன் விஜயவாடாவிலுள்ள சுகாதாரப் பல்கலைக்கழகத்திடம் செல்வோம். அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே மனுவில் சேர்ப்போம்.