ராஜா மகனுக்கு எந்த ஊர்?

'பிள்ளைக்கு அப்பன் பட்டம் போதும்'னு எதிரணி முழங்கிட்டுப் போனாங்க. போதுமாங்க?

புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்க்கை மணந்தார். மறுவருஷம் மகன். பேரு மார்த்தாண்ட சிட்னி! பேர்லயே ரெண்டு தேசம். வாரிசா ஏத்துக்கிட்டாங்களா? இல்லை. தாய் வெள்ளைக்காரியாம்! சொன்னது யாரு? வெள்ளைக்கார சர்க்கார்! (சிரிப்பு) 1928-ல ராஜா பாரிஸ்ல இறந்ததும், உறவுல ஆறு வயசுப் பையனுக்குப் பட்டம் போச்சு. அந்தப் பட்டத்துக்கிருந்த அங்கீகாரத்தையும் 1971-ல சட்டம் எடுத்துடுச்சு.

இன்னைக்கு நம்ம பனியன் கம்பெனிக்காரர் பேரன் அமெரிக்கக் குடிமகன். நம்ம சட்டத்துல இரட்டைக் குடியுரிமை கிடையாது. 2005-ல வந்த ஓ.சி.ஐ. அட்டை, விசா இல்லாம அப்புச்சியைப் பார்க்க விடும். ஓட்டுப் போட விடாது. அந்த ஓட்டுக்குத்தாங்க நான் வாதாடறேன். பட்டத்தை எதிரணியே வச்சுக்கட்டும்! (கைதட்டல்)