மந்திரிசபையும் புளியந்தோப்பும்

(புளியந்தோப்பில் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச வேண்டுமென்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் ஜஸ்டிஸ் கட்சியின் முதல் மந்திரிசபை என்பதாகும். இதை வேறு பேட்டையில் பேசுவது மிகவும் சுலபம். தியாகராயர் பெயரையும் பனகல் அரசர் பெயரையும் நாலு தரம் சொன்னால் கை தட்டுவார்கள். மாலை போட்டு வழியனுப்பி விடுவார்கள். புளியந்தோப்பில் அப்படிப் பேசிவிட்டுப் போக முடியாது. அந்த மந்திரிசபை பதவியேற்ற ஏழாவது மாதத்திலே இந்தப் புளியந்தோப்புச் சேரியின் குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. ஆகவே மந்திரிசபையையும் தீயையும் சேர்த்தே பேசப்போகிறேன். நான் கலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. கிடைத்ததைப் படித்து, தெரிந்ததைச் சொல்லுகிறவன். சொல்வதை அலசிப் பார்த்து, சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளுங்கள்.

மந்திரிசபை வந்த விதம்

1916ல் சென்னையில் பார்ப்பனரல்லாத தலைவர்கள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். அதுவே ஜஸ்டிஸ் கட்சி. 1919ல் வெள்ளைக்காரர் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதன்படி 1920 நவம்பரில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. தேர்ந்தெடுக்கப்படும் ஸ்தானங்கள் 98ல் 63ஐ ஜஸ்டிஸ் கட்சி பிடித்தது.

கவர்னர் வெல்லிங்டன் பிரபு, மந்திரிசபை அமைக்கும்படி தியாகராய செட்டியாரை அழைத்தார். அவர் பதவி வேண்டாமென்றார். 1920 டிசம்பர் 17ல் கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். பனகல் அரசரும் கே. வெங்கட்டரெட்டி நாயுடுவும் மற்ற இரு மந்திரிகள். உடல்நலக் குறைவால் ரெட்டியார் 1921 ஜூலை 11ல் விலக, பனகல் அரசர் முதல் மந்திரியானார், ஏ. பி. பாத்ரோ கல்வி மந்திரியாக வந்தார்.

ஓட்டுப் போட்டவர்கள் யார்? சென்னை மாகாணத்தில் சுமார் 4 கோடி ஜனங்கள். ஓட்டுரிமை இருந்ததோ சுமார் 12 லட்சம் பேருக்கு. அதாவது நூற்றுக்கு மூன்று பேர். நிலமும் சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு. மில்லில் கூலி வாங்கிச் சேரியில் குடியிருந்தவனுக்கு ஓட்டு ஏது? ஆதிதிராவிடர் முதலிய வகுப்பாருக்காகச் சர்க்கார் நியமித்த அங்கத்தினர் 5 பேர், அவ்வளவுதான்.

அடுப்பங்கரையும் சாவிக்கொத்தும்

சரி, மந்திரிகளுக்கு அதிகாரமாவது முழுசாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அதற்கு இரட்டையாட்சி என்று பெயர். கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம், விவசாயம் ஆகியவை மந்திரிகளுக்கு. பொக்கிஷம், போலீஸ், நிலவரி, பாசனம் ஆகியவை கவர்னருக்கும் அவரது நிர்வாக சபையாருக்கும். அடுப்பங்கரை மருமகளுக்கு, அரிசிப் பானையிருக்கும் அறையின் சாவி மாமியாருக்கு என்றால் அந்த வீட்டில் யார் குடித்தனம் நடத்துகிறதாக அர்த்தம்? வெந்தால் மாமியார் சமையல், கருகினால் மருமகள் சமையல்!

இந்தச் சட்டசபையை 1921 ஜனவரி 12ல் திறந்து வைத்தவர் கன்னாட்டுப் பிரபு. கன்னாட்டு என்பது எந்த ஊர் தெரியுமா? அயர்லாந்து தேசத்தின் ஒரு மாகாணம். அந்தப் பெயரைப் பட்டமாகச் சூடிய அரச குடும்பத்தார் இங்கே பாதிச் சுயாட்சியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது அயர்லாந்தில் என்ன நடந்தது?

1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 ஸ்தானங்களில் 73ஐ ஸின்பீன் கட்சி பிடித்தது. ஜெயித்தவர்கள் லண்டன் பார்லிமெண்டுக்குப் போக மாட்டோமென்றார்கள். 1919 ஜனவரியில் டப்ளின் நகரிலேயே தங்கள் சபையைக் கூட்டித் தங்கள் மந்திரிகளைத் தாங்களே நியமித்துக் கொண்டார்கள். நமக்கு மந்திரிசபை வந்த அதே 1920 டிசம்பரில் அவர்களுக்கும் ஒரு குறைச் சுயாட்சிச் சட்டம் செய்யப்பட்டது. அது வேண்டாமென்று போராடி, 1921 டிசம்பர் 6ல் உடன்படிக்கை வாங்கினார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்துச் சுயேச்சை ராஜ்யம் ஏற்பட்டு, காஸ்கிரேவ் தலைமையில் சர்க்கார் அமைந்து 1932 வரை நடந்தது. பொக்கிஷமும் போலீசும் அவர்கள் கையில்.

உடனே, "ஆகா! அயர்லாந்து எங்கே, நாம் எங்கே!" என்று பெருமூச்சு விடாதீர்கள். அந்தச் சொந்தச் சர்க்கார்தான் 1922, 1923ம் வருஷங்களின் உள்நாட்டுச் சண்டையில், நேற்றுவரை கூட நின்று போராடியவர்களில் எழுபது பேருக்கு மேல் பிடித்துச் சுட்டுக் கொன்றது. சொந்தக்காரன் சர்க்கார் என்பதாலேயே துப்பாக்கிக் குண்டு பூப்பந்தாகி விடாது. ஆகவே எந்தச் சர்க்காரையும் பார்த்து, "நீ யாருடைய ஜாதி, யாருடைய தேசம்" என்று கேட்டால் மட்டும் போதாது. "கடைசியில் இருப்பவனுக்கு நீ என்ன செய்தாய்" என்று கேட்க வேண்டும்.

1921ல் இங்கே நடந்தது

அந்தக் கேள்வியோடு புளியந்தோப்புக்கு வருவோம். பக்கிங்காம், கர்னாடிக் மில்கள் பின்னி கம்பெனிக்குச் சொந்தம். 1918ல் திரு.வி.க. முதலியோர் முன்னின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. 1921 மே முதல் அக்டோபர் வரை பெரிய வேலைநிறுத்தம். ஜாதி இந்துக்களும் முஸ்லிம்களும் நின்றார்கள். ஆதிதிராவிடரில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். ஜூன் கடைசியில் சண்டை மூண்டு குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29ல் போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின.

ஆதிதிராவிடர் ஏன் வேலைக்குப் போனார்கள்? "கருங்காலிகள்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நான் கேட்கிறேன்: குழாயடியில் தள்ளி நில் என்கிறவன், கூலிச் சண்டை வந்த அன்று மட்டும் தோளோடு தோள் நில் என்றால் எப்படி நிற்பான்? கையிருப்பு இல்லாதவன் எத்தனை நாள் அடுப்பை அணைத்து வைப்பான்? முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். தொழிலாளர் நடுவே இருந்த ஜாதிப் பிளவு அவன் வெட்டியதல்ல. முன்னோர் வெட்டி வைத்திருந்த கிணற்றில் அவன் தண்ணீர் இறைத்துக்கொண்டான். எரித்த தொழிலாளியும் பிழைக்கவில்லை; எரிந்த தொழிலாளியும் பிழைக்கவில்லை.

இந்தச் சமயத்தில் கட்சித் தலைவர்கள் என்ன செய்தார்கள்? போலீஸ் தங்கள் கையில் இல்லையென்று அவர்கள் சொல்லலாம், அது உண்மை. ஆனால் வாய் தங்கள் கையில்தானே இருந்தது? அந்த வாயால், சர்க்காரின் தொழில் இலாகா ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுத்ததே கலகத்திற்குக் காரணம் என்றார்கள். வீடு எரிந்தவனைப் பார்த்து, உனக்கு இடம் கொடுத்ததுதான் தப்பு என்று சொன்னது போலாயிற்று. எம். சி. ராஜா சட்டசபையிலே ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். 1923ல் கட்சியை விட்டே வெளியேறினார். பார்ப்பனரல்லாதார் எல்லோருக்கும் பொதுவென்று சொன்ன கட்சி, பார்ப்பனரல்லாதாரில் கடைசியில் நின்றவர்களை அன்று இழந்தது.

செய்ததும் உண்டு

நிற்க. இதைக் கேட்டு, அந்த மந்திரிசபை ஒன்றுமே செய்யவில்லையென்று யாராவது சொன்னால் அதுவும் பொய். 1921 ஏப்ரல் 1ல், பெண் என்பதால் ஓட்டு இல்லையென்ற தடையை நீக்கச் சட்டசபை தீர்மானித்தது. இந்தியாவில் முதலாவதாகச் செய்த மாகாணம் இதுவே. 1921 செப்டம்பரில் முதல் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. அதன் பலன் கைக்கு வரப் பின்னும் சில வருஷங்களாயின. 1922 மார்ச் 25ல், இழிவுப் பெயர்களை விட்டு ஆதிதிராவிடர் என்றே சர்க்கார் தஸ்தாவேஜுகளில் எழுத உத்தரவாயிற்று. பொது ரஸ்தா, கிணறு, குளங்கள் எல்லோருக்கும் பொதுவென்று 1924ல் சட்டசபை தீர்மானித்தது. இவ்விரண்டுக்கும் ஆதிதிராவிடப் பிரதிநிதிகளே சட்டசபையில் எழுந்து நின்று கேட்டார்கள் என்பதை மறக்காதீர்கள். கேட்டதால் வந்தது, கருணையால் வந்ததல்ல. கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்கும் சட்டமும் 1925ல் நிறைவேறிற்று. சாமி இத்தனை நூற்றாண்டாகக் கேட்காத கணக்கை மந்திரி கேட்க வேண்டியதாயிற்று!

1923 தேர்தலில் கட்சியின் பலம் குறைந்தது. தமிழருக்கு மந்திரிசபையில் இடமில்லையென்ற குறை எழுந்ததால் டி. என். சிவஞானம் பிள்ளையைச் சேர்த்தார்கள். நவம்பர் 28ல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 44க்கு 65 என்ற கணக்கில் தோற்று, மந்திரிசபை தப்பிற்று. 1926 தேர்தலில் கட்சி தோற்றது. பனகல் அரசர் இறங்கினார். டாக்டர் சுப்பராயன் முதல் மந்திரியானார். அயர்லாந்தில் காஸ்கிரேவும் 1932ல் தன்னை எதிர்த்துப் போராடிய டி வேலராவிடமே ஆட்சியை ஒப்படைத்து இறங்கினார். பதவியை விட்டு ஒழுங்காக இறங்குவதும் ஒரு யோக்கியதைதான்.

நமக்கும் புராணம் வேண்டாம்

தோழர்களே! நாம் ராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் அலசிக் கேள்வி கேட்கிறவர்கள். அப்படியிருக்க, நம் தலைவர்களுக்கு மட்டும் ஒரு புராணம் எழுதி, புளியந்தோப்பு என்கிற அத்தியாயத்தைக் கிழித்தெறிந்துவிட்டுப் படித்தால் நமக்கும் பௌராணிகருக்கும் என்ன வித்தியாசம்? எதிரிகளோ அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு புஸ்தகம் முழுவதையும் கொளுத்து என்கிறார்கள். இரண்டும் அறிவு வழியல்ல. வகுப்புவாரி உத்தரவையும் எரிந்த சேரியையும் ஒரே தராசில் வைத்து எடை போடுங்கள்.

அந்த மில் 1996ல் மூடப்பட்டது. வேலைக்குப் போனவன், வேலைநிறுத்தம் செய்தவன் இருவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் அங்கே இனி வேலையில்லை. ஆனால் எந்தப் பேதத்தை வைத்து இருவரையும் மோதவிட்டார்களோ அந்தப் பேதம் ஒழிந்ததா? அடுத்த தெருவில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் நாம் தயாரா? இன்றைக்கு உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓட்டு இருக்கிறது. வந்து கேட்கிறவனிடம், அவன் எந்தக் கொடியோடு வந்தாலும், நம் கொடியோடே வந்தாலும், "சேரி எரிந்தால் நீ எந்தப் பக்கம் நிற்பாய்?" என்று கேளுங்கள். பதில் சொன்ன பிறகு ஓட்டைப் பற்றி யோசியுங்கள் என்று கூறி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.