ஓடுகாலி என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்

(தாராவியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கும் தண்ணீர் பிடித்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களை நெடுநேரம் உட்கார வைக்கப் போவதில்லை. நாங்கள் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை உள்ள உங்கள் பெண்களை வாரத்தில் இரண்டு காலை வேளை ஓட அனுப்புங்கள்.

சிரிக்கிறீர்கள். தாராவியில் நடக்கவே இடமில்லை, ஓடுவது எங்கே என்று முன்வரிசையில் ஓர் அம்மா சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. இடத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

நம் சந்துகளில் எட்டு வயதுப் பெண் பையன்களை முந்திக்கொண்டு ஓடுகிறாள். பன்னிரண்டு, பதின்மூன்றில் பெரியவளாகிறாள். உடனே நாம் என்ன செய்கிறோம்? வட்டிக்கு வாங்கி ஹால் பிடித்து, அவள் படம் போட்ட பேனர் கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறோம். மறுநாளிலிருந்து குழாயடி, பள்ளிக்கூடம், வீடு, அவ்வளவுதான். தம்பி கிரிக்கெட் மட்டையோடு கிளம்புவான். அக்கா அவன் சட்டைக்குச் சோப்புப் போடுவாள். விழாவுக்கு ஆன செலவில் மிகச் சிறு பங்கு போதும், அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்க.

ஓடுகிற பையனை வீரன் என்கிறோம். பெண் ஓடினால்? 'ஓடுகாலி' என்று ஒரு வசைச் சொல்லைத் தயாராக வைத்திருக்கிறோம். அதற்கு ஆண்பாலைக் கண்டவர் யார்?

பெண் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று சில பாட்டிமார் பயப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வேண்டாம், படித்த வெள்ளைக்காரனும் இப்படித்தான் பேசினான். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். களைத்து விழுந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. பெண்களுக்கு அந்தப் பந்தயமே கூடாது என்று எடுத்துவிட்டார்கள். திரும்ப வைத்தது 1960-இல், ரோமில். முப்பத்திரண்டு வருடம்! இன்று பெண்கள் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடிவிட்டுப் பிள்ளையும் பெறுகிறார்கள். மாதவிலக்கு நாளிலும் உடம்பு இடம் கொடுத்தால் ஓடலாம், முடியாவிட்டால் அன்று ஓய்வு.

உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை மத்திய அரசு எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. காலையில் ஒரு பாவும் ஒரு கிளாஸ் சாயாவும் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கு இரத்தம் எங்கிருந்து ஊறும்? சாப்பாட்டோடு சாயா குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், முடிந்தபோது ஈரல், கூடவே கொஞ்சம் எலுமிச்சை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஓட்டம் இரத்தசோகைக்கு மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஓடும்போதுதான் எந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, எவளுக்குத் தலை சுற்றுகிறது என்பது தெரிகிறது. அவளை முதலில் மாநகராட்சி மருத்துவமனைக்கு அனுப்பி இரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஓட விடுவோம். மற்றவர்களுக்கு நெஞ்சும் எலும்பும் உரம் பெறும், பசி எடுக்கும், தூக்கம் வரும். இன்னொன்று: பொதுக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு நம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அந்தப் பழக்கமும் ஓட வந்தால் மாறியாக வேண்டும்.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்தில் ரேவதி என்று ஒரு பெண். ஆறு வயது நிறையுமுன் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவள். வயலிலும் செங்கற்சூளையிலும் கூலி வேலை செய்த பாட்டிதான் வளர்த்தார். பேத்திகளையும் வேலைக்கு அனுப்பு என்றார்கள் உறவினர்கள். பாட்டி பள்ளிக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் வகுப்பில் கண்ணன் என்ற பயிற்சியாளர் பார்த்து, இவள் ஓடட்டும் என்றபோது அதே பாட்டி முதலில் மாட்டேன் என்றார். பிறகு இசைந்தார். கல்லூரிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடிய அந்தப் பெண் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த அணியில் நால்வர். ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என மூவர் தமிழர்! தகுதிச் சுற்றோடு வெளியேறினார்கள், ஆனாலும் எங்களுக்குப் பெருமைதான். ரேவதிக்குத் தென்னக ரயில்வேயில் வேலை. ரயில்வேயில் பேனா பிடிக்கும் எங்களுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம், மறைப்பானேன்?

எல்லாம் இப்படி நல்லபடி முடியும் என்று பொய் சொல்லமாட்டோம். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கற்சூளைத் தொழிலாளர் மகள் சாந்தி 2006-இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்துக்கொண்டார்கள். அந்த அவமானத்தையும் தாண்டி அவர் பிறகு பிள்ளைகளுக்குப் பயிற்சியாளரானார். பதக்கத்துக்காக மட்டும் ஓடச் சொல்பவர்கள் அவர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் பதக்கம் கேட்கவில்லை. இப்போது ஒன்பது பெண்கள் வருகிறார்கள். முதல் வாரம் இரண்டு நிமிடம் ஓடி இடுப்பில் கை வைத்து நின்றவர்கள், இன்று இருபது நிமிடம் நிற்காமல் ஓடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, வாய் திறந்தே பேசாத பெண், சென்ற மாதம் ரேஷன் கடையில் அரிசி எடை குறைகிறது, மறுபடி நிறுங்கள் என்று மராத்தியில் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் நிறுத்தார். குறைந்துதான் இருந்தது.

2017-இல் மத்திய ரயில்வே நம் மாதுங்கா நிலையம் முழுவதையும் பெண் ஊழியர்களிடமே ஒப்படைத்தது. நிலைய மேலாளர் முதல் டிக்கெட் பரிசோதகர் வரை பெண்கள். அந்த நாற்காலிகளில் உட்கார நம் சந்துப் பெண்களுக்கு என்ன குறை?

இனி இடம். தாராவி, மாதுங்காப் பிள்ளைகளுக்கு ஃபைவ் கார்டன். செம்பூர்ப் பிள்ளைகளுக்குக் காந்தி மைதானம். போகும்போதும் வரும்போதும் இரண்டு தாய்மார்கள் கூட வரவேண்டும், முறை வைத்துக்கொள்வோம். தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு மைதானம் எங்கே என்று கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசை மேல் இருக்கிறது. அப்பாக்கள் கையெழுத்து நிறைய விழுந்துவிட்டது, அம்மாக்கள் கையெழுத்துத்தான் குறைவு.

புதனும் ஞாயிறும் காலை ஆறு மணி. சுடிதார் பேண்ட், டி-சட்டை போதும், துப்பட்டா வேண்டாம். வெறும் சாயாவோடு அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள்.