கியூப் டெஸ்டும் சாக்லேட்டும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவில் படிச்சவனுக்கு உடம்பைப் பற்றிப் பேச என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. ஒரு சோதனை முடிவை எப்படிப் படிப்பது என்று இந்தக் கல்லூரி லேபில் கற்றோமே, அதை நினைவுபடுத்தத்தான் வந்தேன்.

2015-இல், சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்ற செய்தி பல நாடுகளில் வந்தது. ஜெர்மனியின் 'பில்டு' நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது. ஆய்வு நடந்தது உண்மைதான். ஆனால் நடத்தியவர் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர். பத்திரிகைகள் எவ்வளவு சுலபமாக ஏமாறும் என்று காட்டவே அதை நடத்தினார்.

ஆய்வை முடித்தவர்கள் 15 பேர். அவர்களிலும் மூன்று பிரிவு. எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 அளவுகள் எடுத்தார்கள். சூட்சுமமே இங்கேதான் இருக்கு. ஒரு அளவு தற்செயலாகத் தேற நூற்றுக்கு 5 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 18-இல் ஏதாவது ஒன்றாவது அப்படித் தேற நூற்றுக்கு 60 வாய்ப்பு! சந்தேகமிருந்தால் கால்குலேட்டரில் 0.95-ஐ 18 தடவை பெருக்கி, 1-இலிருந்து கழிச்சுப் பாருங்க.

அந்தக் கட்டுரையை ஓர் இதழ் 600 யூரோ வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தைகூடத் திருத்தாமல் வெளியிட்டது. ஆக, 'ஆய்விதழில் வந்தது' என்பது மட்டும் போதாது. அதே துறை அறிந்த வேறு சிலர் படித்துக் குறை கேட்டு, திருத்த வைத்து, அதன் பிறகு வெளியிடுவதே பியர் ரிவ்யூ. நம் டிராயிங்கை இன்னொரு இன்ஜினியர் சரிபார்ப்பது மாதிரி. அதிலும் தவறு நழுவும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரை 1998-இல் புகழ்பெற்ற 'லான்செட்' இதழிலேயே வந்தது. ஆராய்ந்தது 12 குழந்தைகளை! 2010-இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

அதனால் நாலு கேள்வி கேளுங்கள். சோதனை எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? யாரோடு ஒப்பிட்டார்கள்? வேறு யாராவது திரும்பச் செய்து அதே முடிவைக் கண்டார்களா? 'ஆபத்து இரு மடங்கு' என்றால், எதிலிருந்து எதற்கு என்றும் கேளுங்கள். பத்தாயிரத்தில் ஒருவர் இருவரானாலும் இரு மடங்குதானே! இந்த விவரம் ஒன்றுமில்லாமல் 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று மட்டும் போட்டிருந்தால், சுவாரசியமாகப் படிக்கலாம்; மருந்தை மாற்றக் கூடாது.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. என் பெரியப்பா ஒரு வாரப் பத்திரிகைக் கட்டுரையை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தார், ஆனால் கால் விரல் ஒன்று போயிற்று. 'அச்சுல வந்திருந்துச்சேப்பா' என்றார். அந்த நம்பிக்கைமேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

28-ஆம் நாள் மூன்று கியூபை உடைத்துப் பார்க்காமல் கான்கிரீட்டை ஒப்புக்கொள்ளாதவர்கள் நாம். அம்மா அப்பா உடம்பு கான்கிரீட்டைவிட மலிவா? அவர்கள் அடுத்த முறை ஒரு கட்டுரையை நீட்டும்போது சிரித்து ஒதுக்காதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்; பிறகு டாக்டரிடம் கேளுங்கள்.